உரிமை தெளிந்த படங்கள்: கோத்தகிரி வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டாரத்தில் உள்ள ஒரு கிளை நூலகமும், அதற்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் பள்ளியும் சேர்ந்து, இம்மலையின் செடிகொடிகள், பறவைகள், விலங்குகள், மலை ரயில், மக்கள் ஆகியவற்றைப் பற்றிய படக் கண்காட்சி ஒன்றையும் அதையொட்டிய சிறு நூல் ஒன்றையும் உருவாக்க முடிவு செய்தன. நூலகத்தின் வாசகர் வட்டத்தின் சார்பில் படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் உரிமையையும் சரிபார்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அந்தப் பணி நடந்த விதத்தையும், எடுத்த முடிவுகளையும், அவற்றுக்கான காரணங்களையும் இதே வேலையில் இறங்கும் பிற பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே பதிவு செய்கிறேன்.

தொடக்க நிலை

பள்ளியின் கணினி ஆய்வகத்தில் நீலகிரிப் படங்களுக்கென்றே ஒரு கோப்புறை பல ஆண்டுகளாக வளர்ந்து வந்திருந்தது. ஆசிரியர்கள் கூகுளில் தேடி எடுத்தவை, வாட்ஸ்அப் குழுக்களில் வந்தவை, பழைய மாணவர்கள் அனுப்பியவை என எல்லாம் அதில் கலந்து கிடந்தன. படங்கள் அழகானவை, ஆனால் எடுத்தவர் யார், எங்கிருந்து வந்தது, என்ன நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற விவரம் அநேகமாக எந்தப் படத்துடனும் இல்லை. வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் கேமரா பதிவு செய்த உள் விவரங்கள் நீங்கிவிடுகின்றன, அளவும் சுருங்கிவிடுகிறது. ஏ3 தாளில் சுவரில் ஒட்டும் படத்துக்கு, ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்ற மிதமான கணக்கில் கூட, ஏறத்தாழ 1750 க்கு 2480 பிக்சல் தேவை. ஆகவே உரிமைச் சிக்கலைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், அந்தக் கோப்புறையில் பாதிக்கு மேற்பட்டவை அச்சுக்கு உதவாதவை.

முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழுந்தது. பள்ளிக்கூடத்துக்குத்தானே, இதில் யாருக்கும் லாபம் இல்லையே, இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடுவதில் என்ன தடை என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது என்பதுதான் இந்தப் பணி முழுவதற்கும் அடிப்படையாக அமைந்தது. ஒரு படம் இலவசமா என்று கேட்பதற்கு முன், அதை எங்கே, எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். எங்கள் தேவை நான்கு வகையாகப் பிரிந்தது: வகுப்பறைத் திரையில் காட்டிப் பாடம் நடத்துவது, நூலகச் சுவரில் கண்காட்சியாக வைப்பது, அச்சுச் செலவுக்கு ஈடான விலையில் விற்கும் நூலில் சேர்ப்பது, அதே நூலை மின்னூலாக இணையத்தில் ஏற்றுவது. ஒரே படம் முதல் வகைக்குத் தடையின்றிப் பொருந்தி, நான்காம் வகைக்குச் சற்றும் பொருந்தாமல் போகலாம்.

சட்டம் எதுவரை துணை நிற்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியலைத் தருகிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதும், வினாத்தாளிலும் விடையிலும் அதைச் சேர்ப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் இந்த விலக்கை விரிவாகவே பொருள் கொண்டது. கற்பித்தல் என்பது வகுப்பறையில் ஆசிரியர் பேசும் நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பாடத்துக்கான வாசிப்புத் தொகுப்புகளும் அதில் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே ஏழாம் வகுப்புக்கு ஆசிரியை திரையில் காட்டும் வரையாட்டுப் படத்தைப் பற்றி எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த அளவில் சட்டம் ஆசிரியரின் பக்கமே நிற்கிறது. இதைத் தெளிவாகச் சொன்னபோது கூட்டத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

ஆனால் பொதுமக்கள் வந்து பார்க்கும் சுவர்க் கண்காட்சியையும், விலை வைத்து விற்கும் நூலையும், உலகில் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய மின்னூலையும் கற்பித்தலின் போக்கு என்ற குடையின் கீழ் கொண்டுவருவது பொருத்தமாக இராது. நூலகங்களுக்கென அதே பிரிவில் உள்ள விலக்குகளும் வேறு நோக்கத்தவை. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத ஒரு நூலை மூன்று படிகளுக்கு மிகாமல் எடுத்து வைப்பது, தன்னிடம் அச்சுப்படி உள்ள ஒரு நூலைப் பாதுகாப்புக்காக மின் வடிவில் சேமிப்பது ஆகியவற்றுக்கு அவை இடம் தருகின்றன. சுவரொட்டி தயாரிப்பதற்கு அல்ல. எனவே வகுப்பறைக்குச் சட்டத்தின் விலக்கையும், மற்ற மூன்றுக்கும் தெளிவான உரிமத்தையோ எழுத்துப்பூர்வமான ஒப்புதலையோ நம்புவது என்று முடிவு செய்தோம்.

வரையாட்டுப் படத்தின் வழித்தடம்

கோப்புறையில் எல்லோருக்கும் பிடித்த படம், முதுகில் வெளிறிய திட்டுடன் பாறை விளிம்பில் நிற்கும் ஒரு வரையாட்டுக் கிடாயின் படம். வரையாடு நம் மாநில விலங்கு. முக்குருத்தி தேசியப் பூங்காவின் அடையாளம். கண்காட்சியின் முகப்பில் அதையே வைக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினார்கள். ஆகவே அந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதன் மூலத்தைத் தேடும் முறையை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சேர்த்தே செய்து காட்டினேன்.

கூகுள் லென்ஸிலும் டின்ஐ என்ற தேடுதளத்திலும் படத்தை ஏற்றினோம். டின்ஐ, கிடைத்த படங்களைப் பழமை வாரியாகவும் அளவு வாரியாகவும் வரிசைப்படுத்திக் காட்டுகிறது; மூலத்தை நெருங்க இந்த இரண்டு வரிசைகளும் பெரிதும் உதவுகின்றன. முதலில் வந்தவை கைப்பேசித் திரையின் பின்னணிப் படங்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்கள். இலவசம் என்று அங்கே எழுதியிருப்பதற்கு மதிப்பே இல்லை, ஏனெனில் தம்முடையது அல்லாத ஒன்றை இலவசமாகத் தர எவராலும் இயலாது. அடுத்து ஒரு சுற்றுலா முகவரின் பக்கம், ஒரு செய்திக் கட்டுரை. இரண்டிலும் எடுத்தவர் பெயர் இல்லை. அளவில் மிகப் பெரியதாகவும் ஓரம் வெட்டப்படாததாகவும் இருந்த படம் கடைசியில் ஓர் ஒளிப்படக் கலைஞரின் சொந்தப் பக்கத்தில் கிடைத்தது. அனைத்து உரிமைகளும் தமக்கே உரியவை என்று அவர் அங்கே குறிப்பிட்டிருந்தார். எங்களிடம் இருந்த படத்தில் வலது மூலை வெட்டப்பட்டிருந்ததன் காரணமும் அப்போது விளங்கியது: அவருடைய பெயர் அந்த மூலையில்தான் இருந்தது.

அவருக்குக் கடிதம் எழுதினோம். ஒப்புதல் கேட்டு எழுதும் கடிதம் மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாகவே வரும், அல்லது வராது. எந்தப் படம், அதன் முகவரி, என்ன அளவில் அச்சாகும், எத்தனை நாள் எங்கே வைக்கப்படும், நூலில் சேர்ப்பதானால் எத்தனை படிகள், என்ன விலை, இணையத்தில் ஏறுமா, பெயரை எப்படிக் குறிக்க வேண்டும் ஆகிய எல்லாவற்றையும் எழுதி, நான்கு பயன்பாடுகளையும் தனித்தனியே கேட்டிருந்தோம். இப்படிக் கேட்டதால்தான் அவரால் எளிதாகப் பதில் தர முடிந்தது. சுவருக்கும் வகுப்புக்கும் முழு மனத்துடன் ஒப்புக்கொண்டு அச்சுக்கு ஏற்ற பெரிய கோப்பையும் அனுப்பினார். நூலுக்கும் இணையத்துக்கும் மறுத்தார். ஒளிப்படம் அவருக்கு வாழ்வாதாரம், மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. முகப்பில் அவருடைய படமே நின்றது, அவர் கேட்டபடியே பெயருடன். நூலுக்கு வேறு வரையாடு தேட வேண்டியதாயிற்று.

திறந்த உரிமங்களைப் படித்துப் பழகுதல்

அந்த வேறு வரையாடு விக்கிமீடியா காமன்ஸில் கிடைத்தது. 2004இல் தொடங்கப்பட்ட இந்தக் களஞ்சியத்தில் உள்ள படங்கள், வணிகம் உட்பட எந்தப் பயன்பாட்டுக்கும் மாற்றத்துக்கும் இடம் தரும் உரிமத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நீலகிரியைப் பொறுத்தவரை அதன் சேமிப்பு வளமானது. மலை ரயிலுக்கு மட்டுமே நூல் முழுவதையும் நிரப்பும் அளவுக்குப் படங்கள் உள்ளன. இருந்தாலும் அங்கே இருக்கிறது என்பதாலேயே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பிறருடைய படத்தைத் தம்முடையது என்று ஏற்றிவிடுவோர் எங்கும் உண்டு. ஏற்றியவரின் மற்ற படங்கள் என்ன, கேமரா விவரம் இருக்கிறதா, படம் முழு அளவில் இருக்கிறதா, இதே படம் அதற்கு முந்தைய தேதியில் வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று பார்த்தோம். சிறிய அளவு, கேமரா விவரம் இல்லாமை, அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் ஏற்றாத கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கினோம்.

தம் படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டி அறிவிக்க உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் உள்ளன. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று. பெயர் குறிப்பிட்டு, மாற்றியமைத்ததை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது ஒன்று. வணிக நோக்கம் கூடாது, மாற்றம் கூடாது என்ற நிபந்தனைகள் தனியாகவோ சேர்ந்தோ வருபவை மற்றவை. எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ தனி. இவற்றில் இரண்டு இடங்களில் நாங்கள் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

முதலாவது, வணிக நோக்கமற்ற பயன்பாடு என்ற நிபந்தனை. பறவை, பூச்சி, தாவரப் பதிவுகள் குவிந்துள்ள ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பயனர் தாமாக மாற்றாத வரை படங்களுக்கு இந்த நிபந்தனையே பொருந்துகிறது. நீலகிரி சிரிப்பானின் மிகத் தெளிவான படங்கள் அங்கேதான் இருந்தன. அடக்க விலைக்கு விற்கும் நூல் வணிகமா அல்லவா என்பதில் இரு பக்கமும் வாதாடலாம். வாதாடி வெல்லக்கூடிய ஒன்றை நம்பி ஒரு பள்ளி நூலை அச்சேற்றுவது சரியல்ல என்பது என் கருத்து. இத்தகைய படங்களைச் சுவருக்கும் வகுப்புக்கும் வைத்துக்கொண்டு, நூலுக்கு மிகவும் தேவைப்பட்டவற்றுக்கு மட்டும் எடுத்தவருக்கே செய்தி அனுப்பினோம். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்கள். சிலர் தங்கள் படத்தின் உரிமத்தையே தளர்த்தித் தந்தார்கள். கேட்காமல் எடுப்பவர்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு கிராமத்து நூலகம் முறையாகக் கேட்பது மதிப்பாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது, அதே உரிமத்தில் பகிர்தல் என்ற நிபந்தனை. அத்தகைய ஒரு படத்தைச் சேர்த்தால் நூல் முழுவதையுமே அந்த உரிமத்தில் வெளியிட வேண்டிவருமோ என்று ஆசிரியர்கள் தயங்கினார்கள். அப்படி இல்லை. படத்தை மாற்றாமல் நம் கட்டுரைக்கு அருகில் வைத்தால் அது வெறும் தொகுப்பு. கட்டுரை நம் உரிமையிலேயே இருக்கும். படத்தையே மாற்றினால்தான் நிபந்தனை செயல்படும். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் குறிஞ்சிப் பூவின் ஒளிப்படம் ஒன்றின் மீது கோடுகள் இழுத்து, புல்லி, அல்லி, மகரந்தத் தாள், சூல்முடி என்று தமிழில் பெயர் எழுதினார்கள். அது மூலப்படத்தின் மாற்றியமைப்பு. ஆகவே பெயரிட்ட அந்தப் படத்தின் கீழ், மூலப்படத்தை எடுத்தவர் பெயர், காமன்ஸ் முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், தமிழ்ப் பெயர்கள் சேர்க்கப்பட்டன என்ற குறிப்பு, இந்தப் படமும் அதே உரிமத்தில் கிடைக்கும் என்ற வரி ஆகிய அனைத்தும் அச்சாயின. பின்னர் அதையே காமன்ஸில் ஏற்றினோம். இனி எந்தப் பள்ளியும் தமிழில் பெயரிட்ட குறிஞ்சிப் படத்தைத் தேடினால் அது கிடைக்கும். இந்தப் பணியில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுவே.

கீழ் வகுப்புக் குழந்தைகளுக்கான பக்கங்களுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பயன்பட்டது. அங்குள்ள கதைகளும் அவற்றின் ஓவியங்களும் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் உள்ளன. நம் நாட்டு முகங்களும் உடைகளும் வீடுகளும் கொண்ட ஓவியங்கள் இவ்வளவு தாராளமான நிபந்தனையில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. பிக்சாபே, அன்ஸ்பிளாஷ் போன்ற இலவசப் படத் தளங்கள் தமக்கென்று தனி உரிமம் வைத்திருக்கின்றன; அதைப் படித்துப் பார்த்து நூலுக்குத் தடையில்லை என்று கண்டோம். அங்கே சிக்கல் உரிமையில் இல்லை, உண்மையில் இருந்தது. ஊட்டி என்று பெயரிட்ட தேயிலைத் தோட்டம் உண்மையில் எந்த மலையைச் சேர்ந்தது என்று அறிய வழியில்லாமல் போனது. தம் ஊரைப் பற்றிய நூலில் வேற்றூர்ச் சரிவைக் குழந்தைகளுக்குக் காட்டுவது கூடாது என்று அவற்றை விட்டுவிட்டோம். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்தோம்; வரையாட்டின் கொம்பு எந்தப் பக்கம் வளையும், குறிஞ்சியின் இலை எப்படி இருக்கும் என்று கற்றுத்தரும் பக்கத்தில் ஊகத்துக்கு இடமில்லை.

பழைய படங்கள்

நம் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை அதை ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒளிப்படங்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்ற தனிக் கணக்கு முன்பு இருந்தது. 2012 திருத்தம் அதை நீக்கிவிட்டது. 1951 வரை வெளியான ஒளிப்படங்களுக்குப் பழைய கணக்கின்படியே காலம் முடிந்துவிட்டிருந்ததால் அந்த ஆண்டை எங்கள் எல்லைக்கோடாக வைத்துக்கொண்டோம்.

பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணையக் களஞ்சியத்தில் பழைய தாவரவியல், விலங்கியல் நூல்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. நீலகிரித் தாவரங்களை 1840களில் நூலாக்கிய ராபர்ட் வைட்டின் படத்தாள்கள் அங்கே உள்ளன. வைட் 1872இல் மறைந்தார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். எவ்வளவு நீண்ட ஆயுளை அவர்களுக்குக் கணக்கிட்டாலும் அந்தப் படங்கள் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுக் களத்துக்கு வந்து வெகு காலம் ஆகிவிட்டது. பொதுக் களத்துப் படத்துக்குப் பெயர் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தும் ஒவ்வொரு தாளின் கீழும் வரைந்த ஓவியரின் பெயரை வைட்டின் பெயருக்கு முன்னால் அச்சிட்டோம். நீலகிரிப் பூக்களை இவ்வளவு நுட்பமாக வரைந்தவர்கள் நம் பக்கத்து ஓவியர்கள் என்பதை ஒரு நீலகிரி மாணவன் அறியாமல் இருக்கக் கூடாது.

தாவரவியலாளர் பி. எஃப். பைசனின் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூல் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது. 1915 முதல் 1920 வரை வெளியான அந்நூலின் ஆசிரியர் 1947இல் மறைந்தார். அவர் எழுத்தின் உரிமை 2007 முடிவோடு தீர்ந்தது. ஆனால் படங்களை வரைந்தவர்கள் அவருடைய மனைவி உள்ளிட்ட வேறு சிலர். படத்துக்கு வரைந்தவரின் ஆண்டே கணக்கு, நூலாசிரியரின் ஆண்டு அன்று. அமெரிக்கக் களஞ்சியங்கள் இத்தகைய நூல்களைப் பொதுக் களம் என்று குறிப்பது வெளியான ஆண்டைக் கொண்டு; அது அந்நாட்டுக் கணக்கு. 1920இல் வரைந்து 1970இல் மறைந்த ஒருவரின் படம் அங்கே பொதுக் களத்தில் இருந்தாலும் இங்கே 2030 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டது. ஆகவே பைசன் நூலின் படங்களை வகுப்பறைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒளிப்படங்களில் சாமுவேல் போர்ன் 1860களின் இறுதியில் எடுத்த உதகைக் காட்சிகள் எந்தச் சிக்கலும் இன்றிக் கிடைத்தன. அவர் மறைந்தது 1912இல். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள தோடர், கோத்தர், இருளர், குறும்பர் படங்களுக்கும் பதிப்புரிமைத் தடை இல்லை. அங்கேதான் வேறொரு தடை இருப்பதை உணர்ந்தோம். மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து வகைப்படுத்திய ஆய்வுக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவற்றில் உள்ளன. படத்தில் இருப்பவர்களிடம் ஒப்புதல் கேட்டிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை. அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இந்தப் பள்ளியிலும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட ஆறு குழுக்களும் வாழும் மாவட்டம் இது. சட்டம் வழிவிட்டுவிட்டது என்பதற்காக ஒரு குழந்தையின் முன்னோரை அளவுக்கோலின் அருகே நிறுத்தி நூலகச் சுவரில் மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே படங்களை எடுத்துக்கொண்டு தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்கும் கோத்தர் ஊர்களான கோக்கால்களுக்கும் சென்று பெரியவர்களிடம் காட்டினோம். வீடுகள், எருமைகள், நெசவு, பூத்தையல் ஆகியவற்றின் படங்களை வைக்கலாம் என்றார்கள். சிலவற்றில் இருந்த இடங்களை அடையாளம் சொல்லி, நூலில் இருந்த பிழையான விளக்கங்களையும் திருத்தினார்கள். அளவெடுக்கும் படங்கள் வேண்டாம் என்றார்கள். கோயிலைச் சார்ந்த சில படங்களை மற்றவர் பார்வைக்கு வைப்பது தங்கள் வழக்கத்துக்கு ஒவ்வாது என்றார்கள். அவர்கள் சொன்னபடியே செய்தோம். தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அந்தக் கோலத்தை நூலின் ஓரப் பட்டையாக அச்சிட வேண்டும் என்ற யோசனையையும் அவர்கள் முன்னிலையில் வைத்து, அவர்களுடைய தயக்கத்தைப் பார்த்துக் கைவிட்டோம்.

கைக்கு அருகில் இருந்தவை

பள்ளியின் அலமாரியில் சட்டமிட்ட ஆண்டு விழாப் படங்களும் குழுப் படங்களும் ஏராளமாக இருந்தன. அவற்றை எடுத்தவை உள்ளூர் ஸ்டுடியோக்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளிக் கணக்குப் பேரேட்டில் ஸ்டுடியோவுக்குப் பணம் தந்த பதிவு இருந்த படங்கள் அனைத்தும் இதனால் பள்ளியுடையவை ஆயின. பல பள்ளிகள் தங்களுக்கே உரிமையான இந்தச் செல்வத்தை அறியாமல் இணையத்தில் தேடிக்கொண்டிருக்கின்றன.

மாணவர்கள் வரைந்த ஓவியங்களின் உரிமை மாணவர்களுக்கே உரியது, பள்ளிக்கு அன்று. ஒவ்வொருவரின் பெற்றோரிடமும் நூலுக்கும் இணையத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் பெற்றோம். பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் திருவிழாவின் படங்களைப் படகர் குடும்பங்களே தந்தன. எடுத்தவர் யார் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினோம், ஏனெனில் படம் கைப்பேசியில் இருப்பதனாலேயே கைப்பேசிக்காரர் அதை எடுத்தவர் ஆகிவிட மாட்டார். உதகையின் பழைய கட்டடங்களை நாங்களே படம் எடுத்தோம். கட்டடத்தைப் படம் எடுப்பதற்குச் சட்டம் தெளிவாகவே இடம் தருகிறது. பொது இடத்துச் சிற்பத்துக்கும் அந்த இடம் உண்டு, சுவரில் தீட்டிய ஓவியத்துக்கு இல்லை. ஆகவே சாலையோரச் சுவரோவியம் ஒன்றின் படத்தை அதன் ஓவியரிடம் கேட்டே சேர்த்தோம்.

பதிவேடு

இவ்வளவு தேடலுக்குப் பிறகும் விவரம் படத்தைவிட்டுப் பிரிந்தால் அடுத்த ஆண்டு பழைய கோப்புறைதான் மீண்டும் உருவாகும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி: தலைப்பு, ஆக்கியவர், மூல முகவரி, உரிமமும் பதிப்பும், பார்த்த தேதி, செய்த மாற்றம், நான்கில் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது. உரிமம் எழுதியிருந்த பக்கத்தைப் படமாக எடுத்து அதே எண்ணில் சேமித்தோம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒரு முறை பெற்ற உரிமையை, நிபந்தனைகளைப் பின்பற்றும் வரை, திரும்பப் பெற முடியாது. ஆனால் அந்தப் பக்கம் நாளை நீக்கப்பட்டால் நம்மிடம் சான்று இருக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே பயன்பாட்டைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தது மிகவும் உதவியது: வகுப்புக்கு வ, சுவருக்குச் சு, நூலுக்கு நூ, இணையத்துக்கு இ. அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர் நூ என்ற எழுத்து இல்லாத படத்தைத் தொடவே மாட்டார் என்ற ஏற்பாட்டினால், வரையாட்டுக் கலைஞருக்குக் கொடுத்த வாக்கு தானாகவே காக்கப்பட்டது.

தீர்வு காணாமல் நிற்பது ஒரு படம். தேயிலைத் தோட்டத்தில் கூடைகளுடன் பெண்கள் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. ஒரு முன்னாள் தொழிலாளியின் குடும்பம் தந்தது. உடையையும் வண்டியையும் பார்த்தால் 1960களைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. எடுத்தவர் பெயரோ ஸ்டுடியோ முத்திரையோ பின்புறத்தில் இல்லை. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்குச் செய்தித்தாளில் விளம்பரம் தந்து, நீதிமன்றத்தை அணுகிக் கட்டாய உரிமம் பெறச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி வகுக்கிறது. ஆனால் ஒரு படத்துக்காகக் கிளை நூலகம் ஏற்கக்கூடிய செலவு அன்று அது. பள்ளி அதை வகுப்பில் காட்டுகிறது. நூலின் முதல் அச்சில் அது இல்லை. படத்தின் சிறு நகலுடன், எடுத்தவரையோ அவர் குடும்பத்தையோ அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு நூலக அறிவிப்புப் பலகையிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் இன்னும் இயங்கும் பழைய ஸ்டுடியோக்களிலும் அறிவிப்பு வைத்துள்ளோம். விவரம் கிடைத்து ஒப்புதலும் வந்தால், தோட்டத் தொழிலாளர் பற்றிய பக்கத்தில் இரண்டாம் அச்சில் அது சேரும்.